சைக்கிள் விட்டால் தலைவலி வருவது ஏன்?

உடம்பு இளைக்க வேண்டும் என்று ஒருவர் சைக்கிளை எடுத்தார். முதல் நாளே பத்து மைல் மிதித்தார். வீடு திரும்பியதும், "ஐயோ, மண்டை பிளக்கிறதே!" என்று உட்கார்ந்துவிட்டார். மறுநாள் சைக்கிள் மூலைக்குப் போய்விட்டது!

பல வீடுகளில் நடக்கும் கதை இது.

சைக்கிளுக்கு இப்பொழுது மறுபடியும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. ஜூன் 3-ந் தேதியை "உலக சைக்கிள் தினம்" என்று ஐ.நா. சபை 2018-ம் ஆண்டு அறிவித்தது. மக்களை சைக்கிள் ஓட்டத் தூண்டும் இயக்கம் ஒன்றை, மத்திய அரசு 2024 டிசம்பரில் டில்லியில் தொடங்கியது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான தேகப்பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

"ஓட்டுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி ஓட்டுவது என்றும் சொல்ல வேண்டாமா? அது தெரியாததால்தான் பலர் தலைவலிக்குப் பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

காரணம் என்ன?

இந்தத் தலைவலியில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, கடும் உழைப்பினாலேயே வருவது. உழைக்கும்போது தலைக்குள் இருக்கும் இரத்தக் குழாய்கள் விரிவதால் இது வரலாம் என்று டாக்டர்கள் கருதுகிறார்கள். வலி "விண் விண்" என்று தெறிக்கும். 48 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வெயிலிலும், உயரமான மலைகளிலும் இது அதிகம் வரும்.

மற்றொன்று, கவனக்குறைவால் வருவது. வெறும் வயிற்றோடு கிளம்புவது, வியர்வையில் போன தண்ணீரை ஈடு செய்யாதது, உச்சி வெயிலில் ஓட்டுவது ஆகியவை இதற்குக் காரணம்.

சைக்கிளும் காரணமாக இருக்கலாம். "ஹாண்டில்பார்" மிகவும் தாழ்ந்திருந்தால், குனிந்தபடியே முகத்தை நிமிர்த்தி ரோட்டைப் பார்க்க வேண்டும். அதனால் பிடரி இறுகுகிறது. அந்த வலி தலைக்கு ஏறுகிறது.

தடுப்பது எப்படி?

முதல் பத்து நிமிடம் மெதுவாக மிதியுங்கள். உடம்பு சூடான பிறகு வேகம் கூட்டுங்கள். நிறுத்தும்போதும் சட்டென்று நிறுத்தாமல், வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள்.

முதல் நாளே பத்து மைல் வேண்டாம். இந்த வாரம் இரண்டு மைல் என்றால், அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம்.

கிளம்புவதற்கு முன் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுங்கள். தண்ணீரைக் கையோடு கொண்டுபோய், தாகத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ ஓட்டுங்கள்.

"ஹாண்டில்பாரை"க் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். முழங்கையை விறைப்பாக வைக்காதீர்கள். ஹெல்மெட் நெற்றியை அழுத்தினால் அதனாலும் வலி வரும். ஆடாமலும் அழுத்தாமலும் இருக்கும் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

பளு தூக்குகிறவர்கள் மூச்சை அடக்கக் கூடாது. மூச்சை அடக்கினால் தலைக்குள் அழுத்தம் ஏறும்.

மாத்திரை போடலாமா?

எப்போதாவது ஒரு தடவை என்றால் பாதகமில்லை. ஓட்டும் போதெல்லாம் மாத்திரை என்பது ஆபத்து! தலைவலி மாத்திரையை மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். அடிக்கடி வலித்தால் டாக்டரைப் பாருங்கள். உழைப்பால் வரும் வலியைத் தடுக்கத் தனி மருந்துகள் இருக்கின்றன. அவர் சொல்லித்தான் அவற்றைச் சாப்பிட வேண்டும்.

அலட்சியம் கூடாது!

உழைக்கும்போது முதல் தடவையாகக் கடுமையான தலைவலி வந்தால், "வெயில்தான்" என்று நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இடி விழுந்தது போல் திடீரென்று வலிக்கிறதா? கழுத்து விறைக்கிறதா? வாந்தி வருகிறதா? ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? மயக்கம் வருகிறதா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளையில் இரத்தக் கசிவாக இருக்கலாம்.

வயதானவர்களுக்கு உழைக்கும்போது தலை வலித்து, உட்கார்ந்ததும் நின்றுவிட்டால், இருதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். இருதயக் கோளாறு சில சமயம் தலைவலியாகத் தலைகாட்டும்.

மற்றபடி பயம் வேண்டாம். மூலையில் கிடக்கும் சைக்கிளைத் துடைத்து எடுங்கள். தலைவலிக்குப் பெரும்பாலும் குற்றவாளி சைக்கிள் அல்ல, அவசரம்தான்!