வடிகானை மூடிவிட்டு வானத்தைத் திட்டுவோர்

வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் ஒரே பல்லவிதான்: ‘சபை வாய்க்கால் வெட்டவில்லை.’ சபைகளுக்காக வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பின்னர், 2025 மே மாதத் தேர்தல் வரையில் அவை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே கிடந்தன. ஆனால் நம் வளவுக்குள் நாமே அடைத்த வடிகானுக்கும் சபையா பொறுப்பு?

எங்களுடையது பழைய நாற்சார் வீடு. நான்கு பக்கக் கூரை நீரும் நடு முற்றத்தில் விழுந்து, விறாந்தையின் கீழுள்ள கல்மூடி வடிகானால் வெளியேறி, அயல் வளவின் ஓரமாக ஒழுங்கை வாய்க்காலைச் சேரும். கடந்த மாரியில் அந்த நீர் முற்றத்திலேயே நின்றது. பார்க்க வந்த மேசனின் தீர்வு, முற்றத்தை மண் போட்டு உயர்த்திச் சீமெந்து பூசிவிடுவது! அப்படியானால் கூரையிலிருந்து விழும் நீர் எங்கே போகும்? அறைகளுக்குள்தான். அவரிடம் அதற்குப் பதிலில்லை.

மூடுகற்களை ஒவ்வொன்றாகக் கிளப்பச் செய்தேன். மாவிலைச் சேறு, ஓட்டுத் துண்டுகள், வேப்பம் வேர். அவற்றை அகற்றி, மேல் முனையில் ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்த்தோம். எல்லை வரை தடையின்றி ஓடிய நீர் அங்கே நின்று திரும்பியது. அயல் வளவின் புதிய மதில் அத்திவாரம் வடிகானின் குறுக்கே கொங்கிறீற்றாக இறங்கியிருந்தது.

மதிலின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். வளவு முழுவதும் இன்ரலொக் கல் பதித்து, ஒரு சாண் மண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை. இது அவர் ஒருவரின் குற்றமன்று. ஊருக்கு ஊர் இதுதான் இன்றைய நாகரிகம். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் நாம் குடிப்பது சுண்ணக்கல்லினுள் தேங்கும் மழைநீரை. மண்ணை மூடினால் அது கிணற்றுக்கு இறங்காது. வடிகானையும் மூடினால் தேங்கி, மலசலகூடக் குழியை நிரப்பி, அந்த அழுக்கோடு கிணற்றுக்குள் இறங்கும். நுளம்பும் டெங்குவும் வேறு. 2008 நவம்பரில் நிஷா புயல் இங்கே கொட்டிய மழையைக் கண்டவர்களுமா இதை மறந்தார்கள்?

புலம்பெயர்ந்த உறவுகளே, மதிலுக்கு என்ன நிறம் என்று தொலைபேசியில் மணிக்கணக்காய்க் கேட்கிறீர்கள். மழைநீர் எந்த வழியால் போகும் என்று மேசனிடம் ஒருமுறையாவது கேட்டதுண்டா? பழைய வடிகான் எங்கே போகிறது என்பது அயலிலுள்ள முதியவர்களுக்குத் தெரியும். அத்திவாரம் வெட்டுமுன் அவர்களை விசாரித்து, அவ்விடத்தில் ஒரு குழாயை, பத்தடிக்கு ஓர் அங்குலமாவது சரியும்படி வைத்தால் போதும். மதிலுக்கான செலவில் அது எம்மாத்திரம்?

அயலவரிடம் பேசினேன். மரியாதையாகவே கேட்டார். அத்திவாரத்தைத் துளைத்துக் குழாய் வைக்கச் சம்மதந்தானாம்; ஆனால் இன்ரலொக் கல்லில் ஒன்றைக்கூடக் கிளப்பக்கூடாதாம். கிளப்பிய கல்லைத் திரும்பவும் பதிக்கலாம் என்று விளங்கப்படுத்தினேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். ஐப்பசி பிறக்குமுன் சொன்னால் நல்லது.