ஒரே பண்டம், ஆயிரம் ஆண்டு

ஒரு கடை ஆயிரம் ஆண்டுக்கு மேல் நடக்கிறது. அங்கே விற்பது ஒரே ஒரு பண்டம். கியோட்டோ நகரின் வடபகுதியில், இமாமியா கோயிலின் கிழக்கு வாசலை ஒட்டியிருக்கும் இச்சிமோன்ஜியா வாசுகே கடையைத்தான் சொல்கிறேன். சுருக்கமாக 'இச்சிவா' என்பார்கள். கி.பி. 1000-இல் தொடங்கிய கடை என்கிறார்கள்; ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்திவருகிறது.

கோயிலும் கடையும் கொள்ளைநோய்க் காலத்தில் பிறந்தவை. 994-இல் நோய் பரவி அன்றைய தலைநகரான கியோட்டோவில் ஏராளமானோர் மாண்டபோது, அதைத் தணிக்கப் பூசைகள் நடந்தன. 1001-இல் இந்த இடத்தில் கோயில் அமைந்தது. தொலைவிலிருந்து வேண்டிக்கொள்ள வந்தவர்களின் பசியாற்றவே கடை. கோயிலுக்குப் படைத்த மூங்கிலைச் சீவிச் செய்த குச்சியில் குத்திய மோச்சியை, அதாவது ஒட்டும் அரிசியை இடித்துச் செய்யும் உருண்டையை, தின்றால் நோய் அண்டாது என்பது நம்பிக்கை.

அந்தப் பண்டத்தின் பெயர் அபுரி மோச்சி. கடை முகப்பிலேயே கரி அடுப்பு. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, கட்டைவிரல் நுனி அளவு அரிசி மோச்சியைக் கிள்ளி, வறுத்த சோயா மாவில் புரட்டிக் குச்சியில் செருகினார். பொட்டுக்கடலை மாவை வறுத்தாற்போல ஒரு வாசனை. பிறகு கைநிறையக் குச்சிகளை விசிறிபோல் விரித்துத் தணலுக்கு மேல் பிடித்தார். மோச்சி பொரிந்து உப்பியது, ஓரங்கள் கருகின. உடனே வெள்ளை மிசோ என்னும் நொதித்த சோயா விழுது சேர்த்த பாகில் தோய்த்துத் தட்டில் அடுக்கிவிட்டார். கியோட்டோவின் வெள்ளை மிசோவில் நொதித்த அரிசி அதிகம், உப்பு குறைவு. அதனால் பாகில் இனிப்புக்கு அடியில் மெல்லிய உவர்ப்பு ஓடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய்த்தரையில் உட்கார்ந்து, சூடான தேநீரோடு சாப்பிட்டேன். கரியின் கசப்பு, பாகின் இனிப்பு, மோச்சியின் மென்மை மூன்றும் ஒரே வாயில் கிடைத்தன.

நேர் எதிரே கசாரியா என்ற கடை. அங்கேயும் இதே பண்டம்தான். நடுவே ஒரு சிறு தெரு. நூற்றாண்டுகளாக எதிரெதிரே ஒரே சரக்கை விற்றும் இரண்டு கடைகளும் தழைத்திருக்கின்றன.

பழைமை என்பதற்காக இச்சிவா எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழவில்லை. மோச்சி இடிக்க இப்போது இயந்திரம் இருக்கிறது. வந்தவர்கள் விரும்பியதைக் கொடுத்துப்போன காலம் மாறி, தட்டுக்கு இவ்வளவு என்று விலை வைத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் நிறுவனம் ஒன்று இணையத்தில் விற்கலாம் என்று அழைத்தபோது மறுத்துவிட்டார்கள் என 2020-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

அந்த மறுப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மோச்சி ஆறினால் இறுகிவிடும். பொட்டலம் கட்டிக் கொடுத்தாலும், தணலிலிருந்து எடுத்த கையோடு தின்னும் சுவை அதில் வராது. கும்பிட வந்தவர் உட்கார்ந்து இளைப்பாறச் சூடாக ஒரு தட்டு என்பதே இந்தக் கடை. இடிக்கிற உலக்கை மாறலாம், காசு வாங்கும் முறை மாறலாம். அந்தத் தட்டு மாறினால் கடையே வேறாகிவிடும். எதை மாற்றலாம், எதில் கைவைக்கக் கூடாது என்று பிரித்தறியும் இந்தத் தெளிவுதான் அவர்களின் முதல் என்று நினைக்கிறேன். ஒரு கடை கொஞ்சம் ஓடத் தொடங்கினாலே அடுத்த கிளை எங்கே என்று கேட்டுப் பழகிவிட்டோம். பெருகாமலும் வாழலாம், கௌரவமாக வாழலாம் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எங்கே கிடைக்கும்?

கியோட்டோ போகிறவர்கள் முதலில் கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள். பிறகு இரண்டு கடைகளிலும் ஆளுக்கொரு தட்டு சாப்பிடுங்கள். புதன்கிழமைகளில் பெரும்பாலும் விடுமுறை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.