ஒற்றை பிளேடே போதும்
விடியுமுன் ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடும் நம் இளைஞர்கள் பலர், காய்ந்த முகத்தில் ஐந்து பிளேடு ரேசரை இழுக்கிறார்கள். சுருட்டை தாடிக்கு அது ஆகவே ஆகாது. முன் பிளேடு முடியைத் தூக்க, பின் பிளேடு தோலுக்குக் கீழே வெட்டுகிறது. நுனி உள்ளேயே வளைந்து கழுத்தெல்லாம் பருவாகப் புடைக்கிறது. 1904இல் ஜில்லெட் காப்புரிமை பெற்றாரே, அந்த ஒற்றை பிளேடு ரேசரே நமக்கு நல்லது. குளித்த பிறகு, நுரையில் ஊறவிட்டு, முடி சாயும் திசையிலேயே மழியுங்கள். முடிதிருத்தும் நிலையத்துக்குப் போனால், புது பிளேடை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். காய்ந்த ரத்தக்கறையிலும் ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும்.