"என்ன வேலை?" என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள்

ஈறு வீங்குகிறது, பல் துலக்கினால் ரத்தம். நாம் பல் டாக்டரிடம் போகிறோம், பேஸ்ட்டை மாற்றச் சொல்கிறார். அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் சில நேரம் இப்படித்தான் தலைகாட்டும். சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையே பெரும்பாலும் முதல் துப்பைக் கொடுத்துவிடும்.

சிகரெட், பான் பழக்கம் உண்டா என்று கேட்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தின்னர், பசை வாசத்தில் நிற்கிறாயா என்று கேட்பதில்லை. அங்கே நிற்பது பெரும்பாலும் நம் பிள்ளைகள், ஒப்பந்தக் கூலியில். பென்சீன் மஜ்ஜையைக் கெடுத்து இதே நோயைத் தரும் என்பது நிரூபணமான உண்மை.

சட்டம் இல்லாமலில்லை. அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, 1944-ல் வந்த அதார்க்கர் அறிக்கையில் முளைத்ததுதான் ஈ.எஸ்.ஐ. அதன் மூன்றாம் அட்டவணையில் பென்சீன் நோய்களைச் சேர்த்தார்கள்; வேலையில் பட்ட காயமாகவே கணக்கு. ஆனால் ஆறு மாதமாவது தொடர்ந்து அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் நான்காவது மாதமே பெயரை வெட்டிப் புதிதாகச் சேர்ப்பது எதற்கென்று இப்போது புரிகிறதா?

தோழர்களே, நோயாளியோடு போகும்போது ஓ.பி. சீட்டில் வேலையையும், தொட்ட ரசாயனத்தையும் எழுதி வாங்குங்கள். கேட் பாஸ், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.