நின்ற வண்டிக்கும் வயதாகும்

"எங்கள் கார் 12 ஆண்டுகளில் 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, டைமிங் பெல்ட்டை ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்பீர்கள்.

மாற்றத்தான் வேண்டும், சகோதரரே. கிராங்க் ஷாப்டின் சுழற்சியைக் கேம் ஷாப்டுக்குக் கொண்டு சென்று, வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடச் செய்வது அந்தப் பெல்ட்டே. அது ரப்பர். வண்டி நின்றிருந்தாலும் காலம் அதனை இறுக்கி வெடிப்புவிடச் செய்யும். ஆகவேதான் தயாரிப்பாளர்கள் பலர் கிலோமீட்டருடன் ஆண்டுக் கணக்கையும் குறிக்கின்றனர். எது முந்துகிறதோ அதுவே கெடு. கெடு வண்டிக்கு வண்டி வேறுபடும், கையேட்டைப் பாருங்கள். (சில எஞ்சின்களில் பெல்ட்டே கிடையாது, சங்கிலிதான்.)

அறுவதற்குமுன் பெல்ட் பெரும்பாலும் எச்சரிப்பதில்லை. பல எஞ்சின்களில் அறுந்த கணமே பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்துவிடும். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். பிள்ளைகளுடன் நள்ளிரவு நெடுஞ்சாலையில் நிற்கும் அவதி வேறு!

பழைய வண்டி வாங்கியவர்கள், "மாற்றியாயிற்று" என்னும் வாய்ச்சொல்லை ஏற்காமல் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையேல் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். மாற்றும்போது டென்ஷனரையும், அதே பெல்ட்டால் வாட்டர் பம்பு சுழலுமாயின் அதனையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கழற்றும் கூலியை இருமுறை கொடுப்பானேன்?