அறத்தொடு நிற்றலும் வளரிளம் பருவத்தினரும்

வளரிளம் பருவத்தினர் தம்மைத் தாமே வருத்திக்கொள்ளும் போக்கிற்குக் குடும்பப் பிணைப்பின் நலிவை ஒரு காரணியாக உளவியல் ஆய்வுகள் சுட்டுகின்றன. இந்நலிவை அன்பின்மை என்று மட்டும் பொருள்கொள்ளுதல் பொருந்தாது. 261 அடிகள் கொண்ட குறிஞ்சிப்பாட்டில் செவிலியின் அன்பில் குறையில்லை. மகளின் மெலிவுகண்டு அறிந்தோரை வினவுகிறாள், தெய்வங்களைத் தொழுகிறாள், காரணம் அறியாது தானும் வருந்துகிறாள். தலைவியோ சொல்லமாட்டாமல் நோயை உள்ளடக்குகிறாள். தோழியே அதனைச் சொல்லாக்குகிறாள்.

அறத்தொடு நிற்றலைக் களவு கற்பாக மாறும் வாயில் என்றளவிலேயே நாம் கற்பிக்கிறோம். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தமையர்க்கும் உரைக்கும் அவ்வரிசை, குடும்பத்துள் துயர் சென்றுசேரும் வழியுமாகும். கலித்தொகை 39ஆம் பாடலில் தமையன்மார் ஒரு பகல் முழுதும் வில்லையும் அம்பையும் நோக்கிச் சினந்த பின்னரே தணிகின்றனர். (சங்கக் குடும்பத்தை இலட்சியப்படுத்துவோர் இதனை மறத்தல் கூடாது.) அச்சினத்தைத் தலைவி தனியே எதிர்கொள்ளவில்லை, இடையில் மூவர் நிற்கின்றனர்.

இன்றைய தனிக்குடும்பத்தில் அவ்விடம் பெரும்பாலும் வெற்றிடம். 14416 என்னும் தொலைபேசி ஆலோசனை இன்றியமையாததே. ஆயினும் பெற்றோரிடம் எடுத்துரைக்க வீட்டிற்கு அணுக்கமான ஒருவர் வேண்டும். ஆகவே நம் கள ஆய்வு வினாநிரல்கள் பெற்றோரின் அன்பை அளப்பதோடு, ‘உன் துயரை முதலில் யாரிடம் கூறுவாய்? அவர் அதை யாரிடம் கொண்டுசெல்வார்?’ என்றும் வினவுதல் வேண்டும்.