பழைய படகுக்கு யார் பொறுப்பு?

பங்குக்குக் கடலுக்குப் போகும் ஒருவர் சொந்தமாகத் தொழில் செய்ய ஆசைப்பட்டால், அவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் பழைய ஃபைபர் படகுதான். புதுப் படகு, புது இன்ஜின், வலை மூன்றையும் ஒருசேர வாங்கப் பல லட்சம் வேண்டும். பங்குக் காசில் குடும்பம் நடத்துகிறவரிடம் அது ஏது? பக்கத்து ஊரில் விலைக்கு வந்த படகைப் போய்ப் பார்க்கிறார். வீட்டு நகையை அடகு வைக்கிறார். குறைகிற தொகையை மீன் ஏலக்காரரிடம் வாங்குகிறார். கூலிக்காரர் படகுக்காரராவதற்குத் தமிழகக் கரையில் இருக்கும் எளிய வழி இது. அந்த வழியில் அவருக்குத் துணைநிற்க அரசும் வங்கியும் முன்வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

இருக்கும் திட்டங்களைப் பார்ப்போம். 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பாரம்பரிய மீனவர்களுக்கு மாற்றுப் படகும் வலையும் வாங்க உதவி உண்டு. அலகு மதிப்பு 5 லட்சம் ரூபாய். பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம். மாற்றுப் படகு என்றாலே ஏற்கெனவே படகு வைத்திருப்பவருக்கு என்றாகிவிடுகிறது. மானியம் போக மீதிப் பணத்தையும் புரட்டியாக வேண்டும். விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீனவர்களுக்கும் கிடைக்கிறது, வட்டியும் குறைவு. ஆனால் அது டீசல், ஐஸ், கூலி போன்ற நடப்புச் செலவுகளுக்கான கடன். படகே இல்லாதவருக்கு நடப்புச் செலவு எங்கிருந்து வரும்?

முதல்முறை வாங்குபவர் எதை விலைக்கு வாங்குகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் ஃபைபர் படகுகளை ஏராளமாக வழங்கின. கட்டுமரம் இருந்த இடத்தில் ஃபைபர் வேகமாக வந்து நின்றது அப்போதுதான். தேவை திடீரென்று பெருகியதால் அனுபவமில்லாத பட்டறைகளும் அவசர அவசரமாகப் படகு செய்தன. அவற்றின் தரம் குறித்து அன்றைக்கே எச்சரிக்கைகள் எழுந்தன. அந்தத் தலைமுறைப் படகுகளுக்கு இன்று வயது இருபதுக்கு மேல். பழைய படகு பார்க்கப் போகிறவர் முன்னால் அவற்றில் ஒன்று புதுப் பெயின்ட் அடித்து நிற்கலாம்.

ஃபைபர் மரத்தைப் போலத் தன் நோயை வெளியே காட்டாது. கண்ணாடி இழை அடுக்குகளுக்கு நடுவே உப்புத்தண்ணீர் இறங்கினால் அடுக்குகள் பிரியும். மேலே வழவழப்பு அப்படியே இருக்கும். சுத்தியல் பிடியால் அடிப்பாகம் முழுக்கத் தட்டிப் பார்த்தால், கெட்டியான இடம் கணீரென்றும் பிரிந்த இடம் பொத்தென்றும் ஒலிக்கும். இன்ஜின் மாட்டும் பின்பலகை அதைவிட முக்கியம். பல படகுகளில் அதன் உள்ளே மரப்பலகை வைத்து மேலே ஃபைபர் போட்டிருப்பார்கள். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் புகுந்தால் உள்மரம் மக்கிவிடும். இன்ஜினைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தும்போது பலகையும் சேர்ந்து அசைந்தால் அந்தப் படகை விட்டுவிடுவது நல்லது.

இன்னொரு ஆபத்து உயிரோடு சம்பந்தப்பட்டது. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மிதக்கும். மரத்துக்கு அந்தக் குணம் இயல்பிலேயே உண்டு. ஃபைபரோ தண்ணீரைவிடக் கனமானது. தண்ணீர் நிறைந்த ஃபைபர் படகை மேலே நிறுத்துவது உள்ளறைகளில் அடைத்த ஃபோம் மட்டுமே. அறை விரிசல் விட்டு ஃபோம் ஆண்டுக்கணக்கில் ஊறினால் படகு கனத்துப்போகும், டீசலை அதிகம் குடிக்கும், தேவைப்படும் நேரத்தில் மிதக்காது. அறையின் கீழ்மட்டத்தில் சிறு துளை போட்டுப் பார்த்தால் உண்மை கசிந்துவிடும். விற்கிறவர் அதற்குச் சம்மதிக்க மாட்டார் என்றால் அதுவே ஒரு பதில்தான்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நாம் வரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். கியர் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளோட்டத்தையும் வெறும் படகில் பார்த்தால் போதாது. வலையும் ஆட்களும் ஏறிய பாரத்தோடு பார்க்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் கைப்பணம் முழுவதையும் படகு விலைக்கே கொடுத்துவிடக் கூடாது. 2 லட்சம் இருக்கிறதென்றால், படகுக்கும் இன்ஜினுக்கும் ஒன்றரை லட்சத்தோடு நிறுத்திக்கொண்டு மீதியைப் பழுதுக்கும் மீன்பாடு இல்லாத நாட்களுக்கும் ஒதுக்குவதே விவேகம். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கடன் கேட்கும் நிலைதான் முதல் பருவத்திலேயே பலரை மறுபடி பங்குக்கு அனுப்புகிறது.

தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்று கடன். ஏலக்காரர் கொடுக்கும் பணத்துக்கு வெளிப்படையான வட்டி இல்லாமல் இருக்கலாம். பிடித்த மீனை அவர் மூலமாகவே விற்க வேண்டும், விற்பனையில் அவருக்குக் கமிஷன் போக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கடன் அடையும்வரை படகுக்காரர் தன் மீனுக்கு வேறு விலை கேட்க முடியாது. பழைய படகை விற்கிறவரே இப்படியொரு கடனில் இருந்தால், படகு கைமாறும்போது வழக்கும் கூடவே வரும். கோரமண்டல் கரையில் ஊர்ப் பஞ்சாயத்துகள் இத்தகைய வழக்குகளைப் பேசித் தீர்ப்பது வழக்கம். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் ஊரில் விசாரிப்பதும், மீன்வளத் துறைப் பதிவைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்வதும் கட்டாயம். பதிவு பழைய பெயரிலேயே கிடந்தால் வரிவிலக்கு டீசல், நிவாரணம் எல்லாவற்றிலும் இழுபறிதான்.

இவை அனைத்தும் வாங்குபவரின் சாமர்த்தியத்துக்கே விடப்பட்டிருக்கின்றன. நகரத்தில் பழைய கார் வாங்குபவருக்கு வங்கி கடன் தருகிறது. அந்தக் கடன் பதிவுச் சான்றிதழிலேயே ஏறுகிறது. மதிப்பீட்டாளர் வந்து பார்க்கிறார். காரைவிட ஆபத்தான இடத்துக்குப் போகும் படகுக்கு அந்த அளவு ஏற்பாடாவது வேண்டாமா?

முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் செயல்படும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மீனவர்களே நடத்தும் கடற்கரைச் சங்கங்கள் மீது எழுந்தது. சங்கமே மீனை ஏலம் விடும். விற்ற பணத்தில் ஒரு பகுதி கடனுக்கும் ஒரு பகுதி சேமிப்புக்கும் பிடிக்கப்படும். பாடு நன்றாக இருந்தால் தவணை பெரிது, இல்லாவிட்டால் சிறிது. மாதத் தவணை கேட்கும் வங்கிக்குப் புரியாத கடலின் கணக்கு அந்த முறைக்குப் புரிந்திருக்கிறது. அதே முறையில் பழைய படகுக்கும் கடன் கொடுக்கலாம். கைமாறும் ஒவ்வொரு படகையும் மீன்வளத் துறை பரிசோதித்துச் சான்று தரலாம். நிலுவைக் கடனைப் பதிவிலேயே குறிக்கலாம்.

பழைய படகுகளை ஊக்குவிப்பது பாதுகாப்புக்கு எதிரானது என்று ஒரு வாதம் வரும். பரிசோதனை இல்லாமல் இன்றும் அவை விற்கத்தான் படுகின்றன. பரிசோதனை வந்தால் கடலுக்குத் தகாதவை கழிக்கப்படும். இன்னொன்றும் உண்டு. ஒரு படகு கைமாறும்போது கடலில் படகுகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. புதுப் படகுக்கு மானியம் கொடுத்துப் பழையதைக் கரையிலிருந்து அகற்றாமல் விட்டால் எண்ணிக்கை கூடுகிறது, ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் மீன் குறைகிறது. மக்காத ஃபைபர் கழிவும் கரையில் சேர்கிறது. மீன்வளத்துக்கும் கூலிக்காரரின் முன்னேற்றத்துக்கும் ஒரே நேரத்தில் பயன்படக்கூடிய செலவு, நல்ல பழைய படகு சரியான கைக்குப் போய்ச்சேர உதவுவதுதான். அடுத்த மீன்வள மானியக் கோரிக்கையில் புதுப் படகுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கையாவது இதற்கென்று பிரித்து வைக்கட்டும்.